தளிரும் குருத்தும் ஒன்றா?

"எல்லாம் இளம் இலைதானே! தளிர் என்றால் என்ன, கொழுந்து என்றால் என்ன? ஒரு பொருளுக்கு இத்தனை சொற்கள் எதற்கு?" என்று கேட்போர் நம்மவரிடையே பெருகி வருகின்றனர். ஜாதவ்பூரிலும் லேக் மார்க்கெட்டிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் 'புது இலை' என்ற ஒரே தொடர் அனைத்துக்கும் போதும் என்றாகிவிட்டது. இக்கூற்று தவறு என்பதை மக்கள் வழக்கைக் கொண்டே நிறுவலாம்.

தென்னைக்கும் பனைக்கும் வாழைக்கும் வருவது குருத்து. உச்சியின் உள்ளிருந்து சுருண்டோ மடிந்தோ எழுந்து, பின்னர் விரிவது அது. அதனைத் தளிர் என்பாரில்லை. மாமரத்தில் செம்மை படர்ந்து மென்மையாகத் தொங்குவது தளிர்; அந்நிறத்தில் நெய்த பட்டையும் மாந்தளிர் நிறம் என்றே அழைத்தோம். வேம்பிலும் தேயிலையிலும் நுனியில் கிள்ளி எடுப்பது கொழுந்து. துளிரோ இலையைக் குறிப்பதைவிட, மீண்டும் உயிர்ப்பதைக் குறிப்பதிலேயே சிறந்து நிற்கிறது. பட்டுவிட்டது என்று கைவிட்ட மரம் துளிர்க்கிறது; இழந்த நம்பிக்கையும் துளிர்க்கிறது. தீயோ கொழுந்துவிட்டு எரிகிறது. வளையும் மெல்லிய எலும்பு குருத்தெலும்பு ஆயிற்று. இவற்றுள் ஒன்றையேனும் இடம் மாற்ற இயலுமா? தீ குருத்துவிட்டு எரிந்தது என்றால் குழந்தையும் நகைக்குமன்றோ?

மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் (1902–1981) இச்சொற்களை வகைப்படுத்தினார். நெல், புல் முதலியவற்றுக்குத் துளிர் அல்லது தளிர்; புளி, வேம்பு முதலியவற்றுக்கு முறி அல்லது கொழுந்து; சோளம், கரும்பு, தென்னை, பனை முதலியவற்றுக்குக் குருத்து என்றார். 2019இல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடநூலிலும் இவ்வகைப்பாடு இடம்பெற்றது. துளிரையும் தளிரையும் அவர் ஒன்றாக்கியதை என்னால் ஏற்க இயலவில்லை. மாந்தளிர் என்னும் வழக்கு அவ்வெல்லைக்குள் அடங்கவில்லை. ஆயினும், வேறுபாடு உண்டு என்னும் அடிப்படையை யார் மறுக்க முடியும்?

இப்பட்டியலை ஒப்பித்து, "எம் மொழியின் வளம் பாரீர்!" என்று மேடையில் முழங்கி, வீடு திரும்பியதும் 'புது இலை' என்போரும் மொழியைக் காப்பவர் அல்லர். சொல் பட்டியலில் வாழ்வதில்லை, புழக்கத்தில் வாழ்கிறது.

"ஊரை விட்டு வந்தோம், என் செய்வது?" என்பர் சிலர். இலங்கை மலையகத் தமிழரை நோக்குக. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் அங்குத் தேயிலைத் தோட்டம் தொடங்கிய பின், தலைமுறை தலைமுறையாக அவர்கள் நாவில் கொழுந்து என்னும் சொல் நின்றது. பறித்த கொழுந்தின் எடையைக் கொண்டு உழைப்பை அளந்த வாழ்வு அது, மறப்பது எங்ஙனம்? தேயிலையின் பொது ஏலம் 1861இல் தொடங்கிய இக்கொல்கத்தாவிலோ, நாள்தோறும் தேநீர் பருகும் நம் பிள்ளைகள் பலருக்கு அச்சொல் தெரியாது. ஆகவே, குற்றம் தொலைவினுடையது அன்று.

அண்டை வீட்டு வங்காளியரைப் பாருங்கள். இளம்பச்சை நிறத்தை அவர்கள் 'கொச்சி கொலாபாத்தா', அதாவது இள வாழையிலை, என்பர். மேற்கு வங்கத் தொடக்கப் பள்ளிகளின் வங்கமொழிப் பாடநூல் பல்லாண்டுகள் 'கிசலய்' என்னும் பெயர் தாங்கியது. தளிர் என்பதே அதன் பொருள். நம் பிள்ளைகள் கிசலயத்தை அறிவர், தளிரை அறியார்!

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. சந்தையில் வாழையிலை வாங்கும்போது குருத்தைக் காட்டுங்கள். தொட்டியில் நட்ட கறிவேப்பிலை துளிர்க்கும் நாளில் பிள்ளையை அழைத்து அச்சொல்லைச் சொல்லுங்கள்.

காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்பது பழமொழி. இங்கோ குருத்தோலைக்குத் தன் பெயரே தெரியவில்லை. அதனைச் சொல்லித் தரும் கடமை, விழுவதற்கு முன் காவோலைகளுக்கு உண்டு.