பூட்டுச் சாவிக்கு ஒரு பதில்

பி.காம். படித்தவனிடம் ஊர்க்காரர்கள் எதிர்பார்ப்பது இரண்டே விஷயம்தான். கோயில் கொடைக் கணக்கு டேலி ஆகணும். இன்கம்டாக்ஸ் நோட்டீஸ் வந்தால் அர்த்தம் சொல்லணும். 2022 பிப்ரவரியில் தென்காசி நண்பன் ஒருத்தன் நோட்டீஸோடு வந்தான். இது வேற நோட்டீஸ்.

நகராட்சித் தேர்தல் நேரம். பயல் வார்டு கவுன்சிலருக்கு சுயேச்சையாக நின்றான். சின்னம், பூட்டுச் சாவி. எதிராளி ராத்திரியோடு ராத்திரியாக வீடு வீடாகப் போட்டிருந்த ரோஸ் கலர் நோட்டீஸில் ஒரே ஒரு கேள்வி. 'பூட்டுச் சாவி வேட்பாளரே! உங்கள் வீட்டில் பூட்டிய ரூமுக்குள் உறுமுவது என்ன?' கீழே மோட்டார் படம். அதற்கும் கீழே ஒரு காலிக் குடம்.

புரியாதவர்களுக்கு: நகராட்சிக் குழாயில் மோட்டாரை நேரடியாக மாட்டி உறிஞ்சினால், பக்கத்து நாலு வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். காற்றுக்கும் அதே கட்டணம்தான்.

"மாப்ள, நீ பத்திரிகையில எழுதுதவன்லா? சுடச்சுட ஒரு பதில் நோட்டீஸ் எழுதிக் குடு. அவன் தெருவுல தலைகாட்டக் கூடாது."

வீட்டில் பேசினால் சுவருக்குக் காது முளைக்கும் என்று பைக்கில் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனான். பிப்ரவரி மாதத்துக் குற்றாலம், கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி. மெயினருவியில் தண்ணீர் நூல் பிடித்தாற்போல் இறங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் மாலீஷ்காரர்கள் எங்களை ஒரு தரம் பார்த்துவிட்டு, தேறாத கேஸ் என்று திரும்பிக்கொண்டார்கள். குரங்குகள் மட்டும் வேட்பாளருக்கு மரியாதை கொடுத்து, அவன் கையிலிருந்த கடலைப் பொட்டலத்தைப் பெற்றுக்கொண்டன. (ஓட்டு இல்லாதவர்களுக்குக் கொடுத்தால் விதிமீறல் ஆகாது.)

"ஏல, பதில் சொல்றதுல ஒரு ஆபத்து இருக்கு" என்று ஆரம்பித்தேன்.

1988 அமெரிக்க ஜனாதிபதி தேர்தல். டெமாக்ரடிக் கட்சி வேட்பாளர் மைக்கேல் டுகாகிஸ், தான் ராணுவத்துக்கு எதிரி இல்லை என்று காட்ட, தலையில் ஹெல்மெட்டோடு டாங்கியில் ஏறி ஒரு ரவுண்ட் வந்தார். எதிர்த்து நின்ற ஜார்ஜ் புஷ்ஷின் ஆட்கள் அந்தப் படத்தையே எடுத்து, டுகாகிஸ் எந்தெந்த ஆயுதத்தையெல்லாம் எதிர்த்தார் என்ற பட்டியலை மேலே ஓடவிட்டு டி.வி. விளம்பரம் ஆக்கிவிட்டார்கள். டுகாகிஸ் பதில் விளம்பரம் எடுத்தார். டி.வி.யில் அதே டாங்கி ஓடுகிறது. இவர் வந்து பட்டென்று அணைத்துவிட்டு, சலித்துப்போச்சு என்கிறார். பதில் சொல்லப் போய், டாங்கியை இன்னொரு தடவை ஓட்டிக் காட்டியதுதான் மிச்சம். ஐம்பது மாநிலத்தில் 40 புஷ்ஷுக்குப் போனது.

"அப்ப வாயை மூடிக்கிட்டு இருக்கணுங்கியா?"

"அப்படியும் சொல்ல முடியாது."

நம்ம ஊருக்கே வந்தேன். 2016 சட்டசபைத் தேர்தலில் தி.மு.க., 'சொன்னீங்களே... செஞ்சீங்களா?' என்று விளம்பரம் போட்டது. ஜெயலலிதா அந்த விளம்பரத்தோடு மல்லுக்கு நிற்கவில்லை. 2011-ல் சொன்னதெல்லாம் செய்தாயிற்று என்று மேடையில் அடித்துச் சொன்னார். 2014-லிருந்தே அவருடைய பிரசித்தி பெற்ற கேள்வி வேறு, 'செய்வீர்களா?' அதாவது எதிராளி 'செஞ்சீங்களா?' என்று கேட்க, அவர் கூட்டத்தைப் பார்த்து 'செய்வீர்களா?' என்று கேட்டுக்கொண்டிருந்தார். 134 தொகுதி.

ஆனால் அந்தத் தேர்தலில் நிஜமான சாதனை ஒரு பாட்டியுடையது. அ.தி.மு.க. விளம்பரத்தில் ஆட்சியைப் புகழ்ந்தவரும், தி.மு.க. விளம்பரத்தில் அதே ஆட்சியைக் குறை சொன்னவரும் ஒரே பாட்டி! துணை நடிகை. குற்றச்சாட்டும் பதிலும் ஒரே வாயிலிருந்து வந்தது தமிழ்நாட்டில்தான்.

"நமக்கு ஒரு பாட்டி கிடைக்குமா மாப்ள?" என்றான் ஆவலாக.

கிண்டலில்லை. எங்கள் தொகுதியில் ஓட்டு அப்படி. 2016-ல் அ.தி.மு.க.வின் செல்வமோகன்தாஸ் பாண்டியன், காங்கிரஸின் பழனி நாடாரை ஜெயித்தது 462 ஓட்டில். 2021-ல் மறுபடி அதே இருவர். இந்தத் தடவை பழனி நாடார் 370 ஓட்டில் ஜெயித்தார். (கோர்ட் சொல்லி 2023-ல் தபால் ஓட்டை மறுபடி எண்ணினார்கள். அப்போதும் அவர்தான்.) 370 பேர் என்றால் கல்யாண வீட்டில் இரண்டு பந்தி. எம்.எல்.ஏ.வுக்கே அந்தக் கதி என்றால், வார்டில் ஒரு ரோஸ் நோட்டீஸ் ஆளைக் கவிழ்த்துவிடும். டி.வி. விளம்பரத்துக்காவது 2004 சுப்ரீம் கோர்ட் உத்தரவுக்கு அப்புறம் முன்கூட்டியே சர்டிபிகேட் வாங்கணும். ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவிடுக்கில் செருகுகிறவனிடம் எந்தக் கமிட்டி போய் சர்டிபிகேட் கேட்கும்?

"கேஸ் போட்ருவமா?"

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(4) என்று ஒன்று இருக்கிறது. வேட்பாளரின் சொந்த நடத்தையைப் பற்றிப் பொய் என்று தெரிந்தே எதிராளி பரப்பினால், தேர்தலே செல்லாது என்று ஹைகோர்ட் சொல்லலாம். அது எம்.எல்.ஏ., எம்.பி.க்கு. வார்டுக்குச் சட்டம் வேறு. எந்தச் சட்டமானாலும் முதல் நிபந்தனை ஒன்றுதான்: விஷயம் பொய்யாக இருக்கணும்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. முதலிலேயே வந்திருக்கணும்.

"ஏல, மோட்டார் இருக்கா, இல்லையா?"

அருவியைப் பார்த்தான். குரங்கைப் பார்த்தான்.

"ரெண்டு இருக்கு மாப்ள."

பேனாவை மூடினேன். அக்கவுண்டன்ஸியில் தப்பான என்ட்ரி விழுந்துவிட்டால் ரப்பரால் அழிக்கக் கூடாது, அடித்தும் எழுதக் கூடாது. திருத்த என்ட்ரி போடணும் என்று வாத்தியார் சொல்லிக் கொடுத்திருக்கிறார். "நோட்டீஸ் வேண்டாம். மோட்டாரைக் கழட்டு. தெரு பார்க்கக் கழட்டு" என்றேன். ரொம்பப் பெரிய ராஜதந்திரி என்று அப்போது என்னைப் பற்றி எனக்கு நினைப்பு.

பிப்ரவரி 17, பிரசாரத்துக்குக் கடைசி நாள். காலையில் தண்ணீர் விடுகிற நேரமாகப் பார்த்து, பிளம்பரை வைத்து இரண்டு மோட்டாரையும் கழட்டித் திண்ணையில் வைத்தான். கையைக் கூப்பி, "தப்புதான், இனிமே இருக்காது" என்றான். குடத்தோடு நின்றிருந்த பெண்கள் மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு ஆச்சி கிட்டே வந்து, அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அந்த நோட்டீசு நெசந்தானா? எவனோ பொறாமையில போட்டுருக்கான்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேனேய்யா... நாலு வருசமா நான் ராத்திரி முழிச்சுக் கெடந்தது இதுக்குத்தானா?"

அவனுக்குப் பதில் வரவில்லை. எனக்கும்தான். டுகாகிஸையா சொல்ல முடியும்?

22-ம் தேதி எண்ணினார்கள். 21 ஓட்டில் தோற்றான்.

ஆறுதல் சொல்ல மறுநாள் காலை போனேன். தெருவில் எதிர்வீட்டுக் குழாயில் தண்ணீர் பெருவிரல் கனத்துக்கு விழுந்துகொண்டிருந்தது. ஆச்சி மூன்றாவது குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. நண்பன் மாடியில் படுத்திருந்தான். கீழே அவன் சம்சாரம் கையில் இரண்டு குடத்தோடு வரிசையில் நிற்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே. ஓட்டும் போச்சு, மோட்டாரும் போச்சு. நோட்டீஸ் எழுதத்தானே உங்களக் கூப்பிட்டாக?"