இணைய வகுப்பு எடுப்பவருக்குத் துணை ஆள் வேண்டும்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு இலவசமாகப் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவதை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, 2017க்கு முன் வந்த பெரும்பாலான கணினிகளை ஏற்பதில்லை. அப்படிப்பட்ட கணினிகள் நம் கல்லூரிகளின் ஆய்வகங்களிலும் துறை அறைகளிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கல்வி நிறுவனங்கள் விரும்பினால் மேலும் மூன்று ஆண்டுகள் திருத்தங்களைப் பெறலாம். அதற்கு ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 1 டாலர், இரண்டாம் ஆண்டு 2 டாலர், மூன்றாம் ஆண்டு 4 டாலர் என்று விலை வைத்தார்கள். ஆகவே பணம் இங்கே பெரிய தடை இல்லை. இப்படி ஒரு சலுகை இருப்பதைத் தெரிந்துகொண்டு, எத்தனை கணினிகளுக்குத் தேவை என்று கணக்கெடுத்து, விண்ணப்பித்து, ஒவ்வொன்றிலும் அதை நிறுவித் தர ஓர் ஆள் வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளில் இல்லாதது அந்த ஆள்தான்.

இணையவழிக் கல்வி பற்றிப் பேச்சு வந்தால் மாணவரிடம் கைப்பேசி இருக்கிறதா, ஊரில் சிக்னல் கிடைக்கிறதா என்று கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விகளே. திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பாடம் நடத்துபவரின் நிலை என்ன என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அவர் பயன்படுத்தும் கருவி போன மாதம் இருந்த மாதிரியே இந்த மாதமும் இருக்கிறதா, மாறியிருந்தால் அதை அவருக்கு யார் சொன்னார்கள், வகுப்பு நடுவில் அது நின்றுபோனால் யாரை அழைப்பார்? கற்பிக்கும் கருவியைச் சீராக வைத்துத் தருவது கல்லூரியின் கடமை. அதற்கென்று ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு முழுநேரப் பணியிடம் உருவாக்கப்பட வேண்டும்.

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டபோது ஆசிரியர்கள் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. சொந்தக் கைப்பேசியைப் புத்தக அடுக்கில் சாய்த்து வைத்து, சொந்தச் செலவில் டேட்டா போட்டு, வீட்டுச் சுவரில் வெள்ளைத் தாள் ஒட்டி எழுதிப் பாடம் நடத்தினார்கள். ஏப்ரல் மாதம் ஜூம் பாதுகாப்பானது அல்ல என்று உள்துறை அமைச்சகம் அறிவுரை வெளியிட்டது. மே 30ஆம் தேதிக்குப் பிறகு ஜூமின் பழைய பதிப்பை வைத்திருந்தவர்கள் புதுப்பிக்காமல் கூட்டத்துக்குள் நுழைய முடியாது என்றானது. குறியாக்க முறையை மாற்றியதால் வந்த கட்டாயம் அது, சரியான காரணம்தான். ஆனால் அன்று காலை வகுப்பைத் திறந்த ஆசிரியருக்குத் தெரிந்ததெல்லாம், நேற்று வேலை செய்தது இன்று வேலை செய்யவில்லை என்பதே. அறுபது மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் 'மேம், லிங்க் ஓப்பன் ஆகல' என்று வரிசையாக எழுத, அவர் ஒரு கையில் கைப்பேசியும் மறு கையில் மடிக்கணினியுமாகப் போராடினார்.

அந்தக் காலத்து நெருக்கடி என்று அதை ஒதுக்கிவிட முடியாது. அதற்குப் பிறகும் மாற்றங்கள் ஓயவில்லை. பெருந்தொற்றின்போது கூகுள் மீட்டில் வகுப்பைப் பதிவுசெய்யும் வசதி கல்விக் கணக்குகளுக்கு இலவசமாகக் கிடைத்தது. பின்னர் அது கட்டணப் பதிப்புக்குப் போய்விட்டது. கல்வி நிறுவனங்களுக்கு அளவில்லாமல் தரப்பட்ட சேமிப்பிடம், ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாக 100 டெராபைட் என்று சுருங்கும் என 2021 பிப்ரவரியில் கூகுள் அறிவித்தது. பதிவுசெய்து வைத்த விரிவுரைகளில் எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்று முடிவெடுக்கப் பல இடங்களில் ஆளில்லை. இடம் நிரம்பிவிட்டது என்று எச்சரிக்கை வந்தபோது கைக்குக் கிடைத்ததை அழித்தார்கள்.

கூகுளின் இணைய வெள்ளைப் பலகையான ஜாம்போர்டின் கதை இன்னும் வருத்தமானது. கணிதம், இயற்பியல், வேதியியல் ஆசிரியர்கள் அந்த வெள்ளைப் பலகையை விரும்பிப் பயன்படுத்தினார்கள். தொகையீட்டுக் கணக்கைப் படிப்படியாக விரலால் எழுதி, அடுத்த பக்கத்தில் வரைபடம் போட்டு, வகுப்பு முடிந்ததும் அதே பலகையை மாணவர்களுக்குப் பகிர்ந்துவிடலாம். 2023 செப்டம்பரில் அதை மூடப்போவதாகக் கூகுள் அறிவித்தது. 2024 அக்டோபர் முதல் பார்க்க மட்டுமே முடியும் என்றாகி, டிசம்பர் 31உடன் முழுவதும் நின்றது. ஓராண்டுக்கு மேல் அவகாசம் இருந்தது. பழைய பலகைகளை எடுத்துச் சேமிக்கவும், வேறு கருவிக்கு மாற்றவும் வழி இருந்தது. அந்த அறிவிப்பு ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சலாகக் கல்லூரியின் நிர்வாகக் கணக்குக்கு வந்திருக்கும். அந்தக் கணக்கின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்றே தெரியாத கல்லூரிகள் உண்டு. முன்பு அதைத் தொடங்கிவைத்த ஆசிரியர் இடமாற்றலாகிப் போயிருப்பார்.

இந்த இடத்தில் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளைப் பார்க்க வேண்டும். 2020 செப்டம்பரில் வெளிவந்த திறந்தநிலை, தொலைநிலை, இணையவழிப் படிப்புகளுக்கான ஒழுங்குமுறை, முழுக்க இணையத்தில் பட்டப்படிப்பு நடத்த விரும்பும் நிறுவனம் என்னென்ன ஆட்களை வைத்திருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. கற்றல் மேலாண்மைத் தளத்தைக் கவனிக்கத் தொழில்நுட்ப மேலாளரும் உதவியாளர்களும் வேண்டும். ஒலி, ஒளிப் பதிவுக்கும் தொகுப்புக்கும் தனி ஆட்கள் வேண்டும். 250 மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி வேண்டும். பாடம் நடத்துபவரே இவை எல்லாவற்றையும் செய்ய முடியாது என்பதை விதியே ஒப்புக்கொள்கிறது.

அதே மானியக் குழு வழக்கமான கல்லூரிகளுக்கு என்ன சொன்னது? ஒன்றிய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தின் பாடங்களை 20 விழுக்காடு வரை சேர்த்துக்கொள்ளலாம் என்று 2016இல் வைத்த வரம்பை 2021இல் 40 விழுக்காடாக உயர்த்தியது. 2021 மே மாதம் வெளியிட்ட கலப்புமுறைக் கற்றல் கருத்துருவில், ஒரு பாடத்தின் 40 விழுக்காடு வரை இணையத்தில் நடத்தலாம் என்றது. இந்த 40 விழுக்காட்டுக்கு எத்தனை தொழில்நுட்ப உதவியாளர்கள் வேண்டும் என்ற கட்டாய விதி எதையும் அது கூடவே கொண்டுவரவில்லை. நூறு விழுக்காட்டுக்கு ஒரு குழு தேவையென்றால் நாற்பதுக்கு ஒருவராவது வேண்டாமா? ஐஐடி சென்னையில் பதிவாகும் என்பிடெல் இணையப் பாடத்தில் பேராசிரியருக்குப் பின்னால் படப்பிடிப்புக் கூடமும் தொகுப்பாளரும் மாணவர் ஐயங்களுக்குப் பதில் எழுதும் உதவியாளர்களும் இருக்கிறார்கள். அந்தத் தரத்தை அளவுகோலாக வைத்து, ஒற்றை ஆளாக நிற்கும் அரசு கல்லூரி ஆசிரியரை ஒப்பிடுவது நியாயமில்லை.

இன்று நடைமுறையில் இந்த வேலையைச் செய்பவர் யார்? கணினி அறிவியல் துறையின் ஆசிரியர். நிரலாக்கம் கற்பிக்க வந்தவர் அவர். புரொஜெக்டர் எரியவில்லை என்றாலும், கூகுள் கிளாஸ்ரூமில் உள்மதிப்பீட்டு மதிப்பெண் ஏறவில்லை என்றாலும், முதல்வரின் மடிக்கணினியில் வைஃபை வரவில்லை என்றாலும் அவரையே கூப்பிடுகிறார்கள். அவரும் சக ஆசிரியர் என்ற அன்பில் ஓடிவருகிறார். அந்த நேரத்தில் அவருடைய வகுப்பு நடக்காது. இந்த உழைப்பு அவருடைய பணிப் பதிவில் எங்கும் ஏறாது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஆட்களை அமர்த்தியிருக்கிறார்கள். அவர்கள் அமர்த்தப்பட்ட விதத்திலும் ஊதியத்திலும் குறைகள் உண்டு. ஆனாலும் அப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதையாவது பள்ளிக் கல்வித் துறை ஏற்றுக்கொண்டது. உயர்கல்வித் துறை அந்த அளவுக்குக்கூட இன்னும் வரவில்லை.

உதவி இல்லாததன் விலை எப்போதும் நேர விரயத்தோடு முடிவதில்லை. இணைய வகுப்புகளில் வெளியாட்கள் புகுந்து ஆபாசமாகப் பேசியதும், திரையில் அசிங்கமான படங்களைக் காட்டியதும் நடந்தன. பெண் ஆசிரியர்களும் குறிவைக்கப்பட்டார்கள். கல்லூரி மின்னஞ்சல் இருப்பவர்களை மட்டும் உள்ளே விடுவது, மற்றவர்களைக் காத்திருக்க வைப்பது, திரைப் பகிர்வை ஆசிரியரிடம் மட்டும் நிறுத்துவது என்று எல்லாவற்றுக்கும் அமைப்புகள் இருக்கின்றன. அவை எங்கே இருக்கின்றன என்று பருவம் தொடங்கும் முன் ஒருவர் உட்கார்ந்து அரை மணி நேரம் காட்டித் தந்திருந்தால் போதும். நடந்த பிறகு என்ன செய்வது என்பதும் தெரிய வேண்டும்: யாரிடம் சொல்வது, எந்தப் பதிவைப் பாதுகாப்பது, சைபர் குற்றப் பிரிவுக்குப் புகாரை யார் எழுதுவது. பாதிக்கப்பட்ட ஆசிரியரே வெட்கத்தோடு துறைத்தலைவரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும் நிலை ஒரு கல்லூரிக்கு அழகில்லை.

தமிழ்த் துறைகளின் சிக்கல் வேறு மாதிரியானது. அதைப் பற்றி வெளியே பேச்சே இல்லை. இருபது ஆண்டுகளாகப் பாடக் குறிப்புகளைப் பாமினியிலும் வானவில்லிலும் தட்டச்சு செய்து வைத்திருக்கும் பேராசிரியர்கள் ஏராளம். சிலப்பதிகாரக் கட்டுரை, இலக்கணக் குறிப்பு, வினாத்தாள் எல்லாம் அந்த எழுத்துருக்களில்தான் இருக்கின்றன. அந்தக் கோப்பைக் கிளாஸ்ரூமிலோ மூடுல் தளத்திலோ ஒட்டினால் தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துக்களும் குறிகளுமாகத் தெரியும். மாணவர் கைப்பேசியில் அந்த எழுத்துரு இருக்காது. தமிழக அரசு 2010லேயே ஒருங்குறியை ஏற்றது. பழைய கோப்புகளை மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் நெடுங்காலமாக இருக்கின்றன. ஒரு பேராசிரியரின் இருபதாண்டு உழைப்பை ஓரிரு நாளில் ஒருங்குறிக்கு மாற்றிவிடலாம். ஒற்றுகளும் கொம்புகளும் சில இடங்களில் பிறழும், அவற்றைப் பார்த்துத் திருத்த அருகில் ஒருவர் வேண்டும். அந்த உதவி கிடைக்காததால் பலர் அச்சிட்ட தாளைப் படமெடுத்து அனுப்புகிறார்கள். படத்துக்குள் இருக்கும் தமிழை எளிதில் தேட முடியாது. பார்வைக் குறைபாடுள்ள மாணவரின் திரை வாசிப்பான் அதைப் படித்துச் சொல்லவும் வழியில்லை.

பயிற்சிகள் நடக்கின்றனவே என்பார்கள். நடக்கின்றன. முன்பு மனிதவள மேம்பாட்டு மையங்கள் என்று இருந்தவை 2023இல் மாளவியா பெயரிலான ஆசிரியர் பயிற்சி மையங்களாக மாறின. இணையவழிப் புத்தாக்கப் பயிற்சிகளும் ஒரு வார ஆசிரியர் மேம்பாட்டு நிகழ்ச்சிகளும் ஆண்டு முழுவதும் உண்டு. பதவி உயர்வுக்குச் சான்றிதழ் தேவை என்பதால் ஆசிரியர்களும் கலந்துகொள்கிறார்கள். ஆனால் ஒரு வாரம் விரிவுரை கேட்டுச் சான்றிதழ் வாங்குவது ஒன்று. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒலி வராதபோது பக்கத்தில் ஆள் இருப்பது வேறொன்று. பயிற்சியில் காட்டிய திரை ஆறு மாதத்தில் மாறிவிடுகிறது. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம், பத்து நிமிடத்தில் ஒரு வேலையை மட்டும் கற்றுத்தரும் காணொளிகளைத் தமிழிலும் வைத்திருக்கிறது. தேவைப்படும்போது திறந்து பார்த்து, கூடவே செய்து பழகும் அந்த முறை நம் கல்லூரிகளுக்கு மிகவும் பொருந்தும்.

இளம் ஆசிரியர்களுக்கு இதெல்லாம் தானாகவே தெரியும் என்ற வாதமும் உண்டு. கைப்பேசியை லாவகமாகக் கையாள்வதும், நூறு பேருக்கு இணையத்தில் தேர்வு வைத்து, விடைத்தாள் திருத்தி, மதிப்பெண்ணைப் பதிவேற்றுவதும் ஒரே திறன் அல்ல. மேலும், இளம் ஆசிரியர்களில் பெரும்பகுதியினர் கௌரவ விரிவுரையாளர்கள். மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் சொன்ன பிறகும், அரசு கல்லூரிகளில் அவர்கள் பல ஆண்டுகள் 20,000, 25,000 என்றே வாங்கினார்கள். மடிக்கணினியும் இணைய இணைப்பும் அந்தச் சம்பளத்திலிருந்துதான் வர வேண்டியிருந்தது. அவர்கள் வேலையை விட்டுப் போகும்போது கல்லூரிக் கணக்கு முடக்கப்படுகிறது. உருவாக்கிய பாடங்கள் அவர்களுக்கும் இல்லை, அடுத்து வருபவருக்கும் இல்லை.

2021 ஜனவரியில் தமிழக அரசு 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா தரும் திட்டத்தை அறிவித்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி தருவதாகச் சொன்னது. இரண்டும் பாராட்ட வேண்டிய திட்டங்கள். உயர்கல்வியில் சேருவோர் விகிதம் 2021-22இல் 47 விழுக்காட்டை எட்டிய மாநிலம் இது. மாணவரைப் பற்றிய அக்கறை இந்த மண்ணில் புதிதல்ல. அந்த மாணவருக்கு அதே கணினியில் பாடம் நடத்தப்போகும் ஆசிரியரும் இந்தத் திட்டங்களில் இடம்பெற்றிருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது கடினமானது அல்ல. ஒவ்வொரு அரசு, அரசு உதவி பெறும் கல்லூரியிலும் இணையக் கற்பித்தல் உதவியாளர் என்று ஒரு நிரந்தரப் பணியிடம் வேண்டும். தொலைபேசியில் உடனே கிடைப்பவராகவும், தேவைப்பட்டால் வகுப்பறைக்கு வந்து நிற்பவராகவும் அவர் இருக்க வேண்டும். அவரால் தீர்க்க முடியாததைத் தீர்க்கக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகம் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு குழு இருக்கட்டும். பருவம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்னால், எந்தக் கருவியில் என்ன மாறியிருக்கிறது, எது நிற்கப்போகிறது என்பதைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி எல்லா ஆசிரியருக்கும் அனுப்பட்டும். பருவத்தின் நடுவில் எந்தக் கல்லூரியும் தளத்தை மாற்றக் கூடாது. பயிற்சிக்கான நேரம் பணி நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். கௌரவ விரிவுரையாளருக்கு அந்த மணிநேரங்களுக்கும் ஊதியம் உண்டு என்று ஆணையில் எழுதப்பட வேண்டும். நிறுவனங்களின் இலவசக் கருவிகளை மட்டும் நம்பாமல், கட்டற்ற மென்பொருளான மூடுலை மாநிலத்தின் சொந்த வழங்கியில் நிறுவி எல்லாக் கல்லூரிகளுக்கும் திறந்துவிட்டால், ஓர் ஆசிரியர் உருவாக்கிய பாடம் எந்த நிறுவனம் எதை மூடினாலும் நிலைத்திருக்கும்.

உயர்கல்வித் துறை தன் அடுத்த மானியக் கோரிக்கையிலேயே இந்தப் பணியிடங்களை அறிவிக்க வேண்டும். மூட்டா, ஏயூடி உள்ளிட்ட ஆசிரியர் சங்கங்கள் ஊதியம், பதவி உயர்வுக் கோரிக்கைகளோடு இதையும் முதல் வரிசையில் வைத்து அமைச்சரிடம் கேட்க வேண்டும்.