யாரை விற்கலாம்?

ஜூலை கடைசி வாரத்தில் அமெரிக்க பேஸ்பால் ரசிகர் யாரிடமும் பேச்சுக் கொடுக்காதீர்கள். மாட்டிக்கொள்வீர்கள். 'யாரை விற்கலாம், யாரை வாங்கலாம்' என்று ஆரம்பித்தால் கையில் இருக்கிற காப்பி ஆறிப்போய் ஆடை படிகிற வரைக்கும் விடமாட்டார்.

விஷயம் இதுதான். அங்கே மேஜர் லீகில் 30 அணிகள். ஒவ்வொன்றும் ஆறு மாதத்தில் 162 மேட்ச் ஆடவேண்டும். (ஆமாம், நூற்று அறுபத்திரண்டு. ஐந்து நாள் கிரிக்கெட்டைப் பார்த்து இவர்கள் சிரிக்கிறார்கள்!) பாதிக்கு மேல் ஆடி முடித்ததும் எது தேறும், எது தேறாது என்று ஓரளவு தெரிந்துபோகும். தேறக்கூடிய டீமுக்கு நல்லதாய் ஒரு பிட்சர், அதாவது பந்து எறிகிறவர், குறைச்சலாக இருப்பார். தேறாத டீமில் அப்படி ஒருவர் வீணாக எறிந்துகொண்டிருப்பார். 'அவரைக் கொடு, பதிலுக்கு எங்கள் ஜூனியர் டீமில் இருக்கிற ரெண்டு பையன்களை ஓட்டிக்கொண்டு போ' என்பார்கள். சுத்தமான பண்டமாற்று. இதற்குக் கெடு முன்பு ஜூன் 15. 1986லிருந்து ஜூலை 31 வாக்கில். ஆகஸ்டில் நுழைய ஒரு கொல்லைப்புற வாசலும் இருந்தது. 2019ல் அதையும் சாத்திவிட்டார்கள்.

இந்த வியாபாரத்தில் நடந்த கூத்துகளுக்குக் குறைவே இல்லை. 1982 ஆகஸ்ட் 4ம் தேதி, ஜோயல் யங்பிளட் என்பவர் பகலில் சிகாகோவில் நியூயார்க் மெட்ஸ் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். ஒரு ஹிட்டும் அடித்தார். பாதி ஆட்டத்தில் கூப்பிட்டு, 'உன்னை மான்ட்ரியால் டீமுக்குக் கொடுத்துவிட்டோம், அவர்களுக்கு ராத்திரி ஃபிலடெல்ஃபியாவில் மேட்ச்' என்றார்கள். மனுஷர் ப்ளேன் பிடித்துப் போய், அங்கேயும் இறங்கி ஒரு ஹிட் அடித்தார். ஒரே நாளில் ரெண்டு ஊர், ரெண்டு டீம், ரெண்டு ஹிட்!

ஹாரி சிட்டி கதை இன்னும் வேடிக்கை. 1962ல் கிளீவ்லாந்து அவரை மெட்ஸுக்குக் கொடுத்தது. 'பதிலுக்கு ஓர் ஆளைப் பிற்பாடு தருகிறோம்' என்று ஒப்பந்தம். மெட்ஸ் ரெண்டு மாசம் வைத்துப் பார்த்துவிட்டு, பிற்பாடு தரவேண்டிய அந்த ஆளாக ஹாரி சிட்டியையே திருப்பி அனுப்பியது. தனக்குத் தானே ஈடு!

சரி, விவாதத்துக்கு வருவோம். பாஸ்டனில் இருக்கும் என் அக்கா பிள்ளை ஜூலை வந்தால் போனில் வாராவாரம் லிஸ்ட் படிப்பான். "பெரிய ஆளா ஒருத்தனை வாங்கியே ஆகணும் மாமா."

"வாங்கேன்டா."

"பதிலுக்குச் சின்னப் பையன் ஒருத்தனைக் கேக்கறான்."

"கொடேன்."

"அய்யோ, அவன் நாளைக்குப் பெரிய ஆளாயிட்டா? பாக்வெல் மாதிரி ஆயிடும் மாமா!"

பாக்வெல் என்பது பாஸ்டன்காரர்களின் ஆறாத புண். 1990 ஆகஸ்ட் கடைசியில் பாஸ்டனின் ரெட் சாக்ஸ் அணி, 37 வயசு லாரி ஆண்டர்சன் என்கிற பிட்சரை வாங்க, ஜூனியரில் இருந்த ஜெஃப் பாக்வெல்லை ஹூஸ்டனுக்குத் தாரை வார்த்தது. ஆண்டர்சன் 22 இன்னிங்ஸ் எறிந்தார், நன்றாகவே எறிந்தார். ஆனால் ப்ளே ஆஃபில் ஓக்லண்டிடம் நாலுக்கு நாலு தோல்வி. சீசன் முடிந்ததும் அவர் வேறு டீமுக்குப் போய்விட்டார். பாக்வெல்லோ ஹூஸ்டனிலேயே 15 வருஷம் ஆடி 449 ஹோம் ரன் அடித்தார்.

இதைவிடப் பழைய கதை 1964. சிகாகோ கப்ஸ், லூ பிராக் என்ற இளைஞரைச் செயின்ட் லூயி கார்டினல்ஸுக்குக் கொடுத்துவிட்டு எர்னி பிராக்லியோ என்ற பிட்சரை வாங்கியது. முந்தின வருஷம் 18 மேட்ச் ஜெயித்துக் கொடுத்தவர் பிராக்லியோ. கப்ஸுக்குக் கொள்ளை லாபம் என்றுதான் ஊரே பேசியது. கடைசியில் அவருக்கு முழங்கை போயிற்று. கப்ஸுக்காக ஜெயித்தது மொத்தம் 7. பிராக் அந்த வருஷமே கார்டினல்ஸோடு சேர்ந்து வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தார். பிறகு மொத்தம் 938 பேஸ் திருடி ரிட்டயரானார். (பேஸ்பாலில் திருட்டு தண்டனைக்குரியது அல்ல, கணக்கு வைத்துப் பாராட்டுவார்கள்.)

இப்படிப்பட்ட கதைகளைச் சொல்லிச் சொல்லியே 'பையன்களை விற்காதே' கட்சி பலமாகிவிட்டது. நான் அந்தக் கட்சி இல்லை. 1987ல் டெட்ராய்ட் டைகர்ஸ், ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற 20 வயசுப் பையனைக் கொடுத்து 36 வயசு டாயில் அலெக்ஸாண்டரை வாங்கியது. ஸ்மோல்ட்ஸ் பிறகு அட்லாண்டாவில் 20 வருஷம் கொடிகட்டிப் பறந்தார், வாஸ்தவம். ஆனால் அலெக்ஸாண்டர் வந்து ஒன்பது ஜெயித்தார், ஒன்றுகூடத் தோற்கவில்லை. டைகர்ஸ் தங்கள் பிரிவில் முதலாவதாக வந்தது வெறும் ரெண்டு மேட்ச் வித்தியாசத்தில். அவர் இல்லாவிட்டால் அதுவும் இல்லை. 2016ல் கப்ஸ், நியூயார்க் யாங்கீஸிடம் சாப்மன் என்கிற வேகப் பிட்சரை வாங்க, க்ளேபர் டோரஸ் என்ற அருமையான பையனையும் கூட மூணு பேரையும் கொடுத்தது. அந்த வருஷம் வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தது, 108 வருஷப் பட்டினிக்கப்புறம்! சாப்மன் சீசன் முடிந்ததும் யாங்கீஸுக்கே திரும்பிவிட்டார். போகட்டுமே. பசியில் இருக்கிறவன் விதை நெல்லைக் குத்தித் தின்றான் என்று பேசுவது, வயிறு நிறைந்தவனுக்குச் சுலபம்.

ஆக, இது ரெண்டு கட்சி வழக்கு. இன்றைக்கா, நாளைக்கா? ரெண்டு பக்கமும் நியாயம் இருப்பதால்தான் வருஷா வருஷம் சண்டை ஓய்வதில்லை. எனக்கு உறுத்துவது வேறு. மூட்டை கட்டவேண்டிய ஆசாமி இந்த ரெண்டு கட்சியிலும் இல்லை.

2015 ஜூலை 29. நியூயார்க் மைதானத்தில் மெட்ஸ் ஆடிக்கொண்டிருக்கிறது. வில்மர் ஃப்ளோரஸ், வெனிசுவேலாக்காரர், வயசு 23. பதினாறு வயசில் மெட்ஸில் சேர்ந்தவர், வேறு டீமே தெரியாது. ஆட்டத்தின் நடுவில் காலரியில் செல்போன்கள் முணுமுணுக்கின்றன: ஃப்ளோரஸை மில்வாக்கிக்குக் கொடுத்தாயிற்று! சேதி ஜனங்கள் மூலமாகத்தான் அவருக்குப் போய்ச் சேருகிறது. அடிக்க வந்தபோது எழுந்து நின்று கைதட்டி வழியனுப்புகிறார்கள். மனுஷர் ஃபீல்டிங்குக்குத் திரும்பிப் போய், நின்ற இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுகிறார். டி.வி.யில் அமெரிக்கா பூரா பார்க்கிறது.

அப்புறம்தான் தமாஷ். அந்தப் பேரம் படியவில்லை! ஃப்ளோரஸ் எங்கேயும் போகவில்லை. ரெண்டு நாள் கழித்து, ஜூலை 31, வாஷிங்டனோடு 12வது இன்னிங்ஸ் வரை இழுத்த மேட்சில், வெற்றி ஹோம் ரன் அடித்தது அவர்தான். ஓடி வந்து, மார்பில் மெட்ஸ் என்று போட்டிருந்த சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். மெட்ஸ் அந்த வருஷம் வேர்ல்ட் சீரிஸ் வரை போயிற்று.

(2018 கடைசியில் அதே மெட்ஸ் அவரை வேண்டாமென்று விட்டுவிட்டது. வியாபாரம்!)

ஆட்டக்காரருக்குப் பாதுகாப்பே இல்லையா என்றால், இருக்கிறது. மேஜர் லீகில் 10 வருஷம் ஆடி, அதில் கடைசி 5 வருஷம் ஒரே டீமில் இருந்தவர் 'போகமாட்டேன்' என்று சொல்லலாம். அத்தனை வருஷம் தாக்குப் பிடிப்பவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் பெட்டியைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பண்டமாற்று இல்லாவிட்டால் தோற்கிற டீம் தோற்றுக்கொண்டே இருக்கும். தாராளமாக விற்கட்டும். லிஸ்ட் போடுகிற ரசிகப் பெருமக்கள் போடட்டும். ஒரே ஒரு சில்லறை மரியாதை போதும். சேதியைக் காலரிக்குச் சொல்லுமுன் அந்த ஆளைத் தனியாகக் கூப்பிட்டு, உட்காரவைத்து, ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்துச் சொல்லலாமே. அதற்கு எந்தக் கெடுவும் குறுக்கே நிற்காது.