பட்டியலில் இல்லாத வெள்ளம்

பண்ணைப்புரத்திலிருந்து கடல் வெகுதொலைவு. மேற்கே மலை, மலைக்கு அப்பால் ஏலத்தோட்டங்கள், அதற்கும் அப்பால்தான் கடல். இங்கிருந்து கடல்நீர் வீட்டுக்குள் புகுவதைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் ஆறு நம்மையும் கடலையும் இணைத்தே வைத்திருக்கிறது. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணையிலிருந்து சுரங்கவழியே கிழக்கே திரும்பும் நீர், கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயல்களை நனைத்து வைகைக்குச் செல்கிறது. எஞ்சிய பெரியாறு இடுக்கி வழியாக இறங்கி, ஆலுவாவில் இரண்டாகப் பிரிந்து, எர்ணாகுளம் மாவட்டத்துக் கழிமுகங்களில் அரபிக்கடலைச் சேர்கிறது. அந்த மறுகோடியில் உள்ள புத்தன்வேலிக்கரா, ஏழிக்கரா, வைப்பின் தீவு ஆகிய ஊர்களில் மழையும் புயலும் இல்லாத நாளிலும் வெள்ளம் வருகிறது.

இதை ஓதவெள்ளம் எனலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் வழக்கத்தைவிட உயர்ந்து, உப்பங்கழிகள் வழியே பின்னோக்கி ஏறி, தாழ்ந்த முற்றங்களில் புகுந்து, சில மணி நேரத்தில் வடிந்துவிடும். மறுநாளும் வரும். யாரையும் அடித்துச் செல்வதில்லை என்பதால் செய்தியும் ஆவதில்லை. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் சிக்கி இறந்தபோது ‘கள்ளக்கடல்’ என்ற சொல் தமிழ் நாளேடுகள் அனைத்திலும் இடம்பெற்றது. தொலைவிலுள்ள பெருங்கடலில் எழுந்து முன்னறிகுறியின்றிக் கரையேறும் அந்த அலைக்கு எச்சரிக்கை விடுக்க ஐதராபாத்தில் ஒரு நடுவண் நிறுவனமே இருக்கிறது. ஓதவெள்ளமோ நாள்காட்டியைப் பார்த்தே சொல்லிவிடக்கூடியது. ஆயினும் அதற்குப் பொறுப்பேற்க எந்த அலுவலகமும் இல்லை.

அது செய்யும் சேதம் மெதுவானது. கழிப்பறைக் குழி நிரம்பி எதிர்த்து வருகிறது. பெண்கள் நீர் வடியும்வரை காத்திருக்கிறார்கள். கிணறு உவர்க்கிறது. சுவரின் அடிப்பூச்சு பொரிந்து உதிர, செங்கல்லை உப்பு தின்கிறது. அரசுத் திட்டத்தில் கட்டிய வீடு, கடன் அடைபடுவதற்கு முன்பே சிதிலமாகிறது. புத்தன்வேலிக்கரா பகுதியில் குடும்பங்கள் நீர் ஏறிய நாளையும் உயரத்தையும் நாள்காட்டியில் குறித்து வைக்கத் தொடங்கியிருக்கின்றன. அரசு எடுக்காத கணக்கைப் பாதிக்கப்பட்டவர்களே எடுக்க நேர்ந்திருக்கிறது.

காரணம் ஒன்றன்று. 1901க்கும் 2018க்கும் இடையே உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்ததென்றும், 2006க்குப் பிறகு அந்த வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டராகிவிட்டதென்றும் காலநிலை மாற்றத்திற்கான பன்னாட்டு அரசுக் குழுவின் ஆறாவது அறிக்கை கூறுகிறது. ஒரு சாண் உயர்வு மலையடிவாரத்தில் இருப்பவர்க்கு ஒன்றுமில்லை. கழிமுகத்தில் வீட்டுப்படியின் மொத்த உயரமே அவ்வளவுதான். இதனுடன் அணைகளும் சேர்கின்றன. ஆறு கொண்டுவரும் வண்டல்தான் கழிமுக நிலத்தை ஆண்டுதோறும் மேடாக்கி வந்தது. அணை அதைத் தடுத்து நிறுத்துகிறது. கொல்லம் மாவட்டத்து மன்றோ தீவு தாழ்ந்து நீரில் அமிழ்வதற்குத் தென்மலை அணை கல்லடையாற்று வண்டலை நிறுத்தியதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. முல்லைப்பெரியாற்றைக் குற்றக்கூண்டில் ஏற்றுவது எங்கள் நோக்கமன்று. அந்தச் சண்டையில் இரு மாநில அரசியல்வாதிகளும் போதிய அளவு குளிர்காய்ந்துவிட்டார்கள். ஆற்றின் தலைமாட்டில் இருப்பவர்கள் கால்மாட்டைப் பற்றியும் பேசவேண்டும் என்பதே எங்கள் கருத்து.

இது எப்படிச் சாதிச் சிக்கலாகும் என்ற கேள்வி எழும். தாழ்ந்த நிலத்தில் யார் குடியமர்த்தப்பட்டார்கள் என்று பார்த்தாலே விடை கிடைத்துவிடும். மேட்டில் ஊர், வயலை ஒட்டிய பள்ளத்தில் சேரி என்பது காவிரிப் படுகையின் பழைய வரைபடம். கொச்சியில் நிலைமை இன்னும் வெளிப்படையாக இருந்தது. 1913இல் புலையர் சமூகத்தினர் தங்கள் உரிமைக்காகக் கூட நினைத்தபோது, அரசரின் மண்ணில் அவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. பண்டிட் கருப்பன் முதலானோரின் முயற்சியில் படகுகளைப் பிணைத்துக் கட்டிக் காயலின் மீதே மாநாடு கூட்டினார்கள். வரலாற்றில் அது ‘காயல் சம்மேளனம்’ எனப்படுகிறது. மண் மறுக்கப்பட்டதால் நீர்மேல் கூடியவர்களின் கொள்ளுப்பேரர்கள் வாழும் அதே கழிமுகங்களில்தான் இன்று நீர் வீட்டுக்குள் வந்து கூடுகிறது. 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்னும் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழ்நாடு முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்கிறோம். சொல் நீங்கினாலும் அந்தக் குடியிருப்பு நிற்கும் பள்ளம் நீங்கவில்லை.

தமிழ்நாட்டில் இந்த ஆபத்து மிகுதியாகக் காத்திருப்பது காவிரியின் கடைமடையில். 2011 கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் 31, திருவாரூரில் 34. இவர்களில் பெரும்பாலோர் கூலி உழவர்கள். மேட்டூர் அணை 1934இல் வந்ததிலிருந்து வண்டல் வரத்து குறைந்துவருகிறது. முகத்துவாரங்களில் கடல்நீரைத் தடுக்கும் ஒழுங்கிகள் பழுதானால் உப்புநீர் வாய்க்கால் வழியே உள்ளே ஏறும். வெண்ணாற்றுப் பாசனப் பகுதியைக் காலநிலை மாற்றத்துக்கு ஏற்பச் சீரமைக்க ஆசிய வளர்ச்சி வங்கி 2016இல் 10 கோடி டாலர் கடன் வழங்கியது. பணிகள் தேவையானவையே. ஆனால் பாசனப் பரப்பைக் கொண்டு பயனை அளக்கும் திட்டத்தில் நிலமற்றவரின் வாசற்படி எந்த அளவுகோலிலும் வராது.

நிவாரணத்தில் நமக்கு இருக்கும் பட்டறிவு கசப்பானது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அழுகிய உடல்களை அகற்ற வெளியூர் நகராட்சிகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் பெரும்பாலும் தலித் துப்புரவுப் பணியாளர்கள். பலருக்குக் கையுறைகூட இல்லை. முகாம்களிலும் குடிநீர்த் தொட்டிகளிலும் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவுசெய்தன. இவை பரவலாக அறியப்பட்டவை. குறைவாகப் பேசப்பட்டது வேறொன்று: பாதிக்கப்பட்டவர் யார் என்ற வரையறை. படகு இழந்தவர் உண்டு, உப்பேறிய வயலின் உரிமையாளர் உண்டு. அதே வயலில் அடுத்த பருவங்களில் வேலை இழந்த கூலியாள் எந்தப் பதிவேட்டில் இருந்தார்? சொத்து இருந்தால்தான் இழப்பு இருக்கும் என்பது நிவாரணத்தின் எழுதப்படாத விதி. 1892 ஆணைப்படி பஞ்சமர்க்கு ஒதுக்கப்பட்ட நிலங்கள் கையில் இருந்திருந்தால் அந்தப் பதிவேட்டின் முகமே வேறாக இருந்திருக்கும்.

ஓதவெள்ளத்தில் இந்த விதி மேலும் இறுகுகிறது. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இன் கீழ் மாநிலப் பேரிடர் நிதியைச் செலவிட நடுவண் அரசு வகுத்த பட்டியலில் புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், ஆழிப்பேரலை, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு முதலியவை உள்ளன. ஓதவெள்ளம் தனியே இல்லை. ‘வெள்ளம்’ என்பதில் அதுவும் அடங்குமே என்று வாதிடலாம். மழைப்பதிவும் ஆற்றின் அபாய அளவும் கேட்கும் வட்டாட்சியரிடம் அந்த வாதம் செல்லாது. ஒரே நாளில் இடிந்த சுவருக்குத் தொகை உண்டு. பத்தாண்டு ஊறி உதிர்ந்த சுவருக்கு இல்லை.

வழி இல்லாமல் இல்லை. அந்த நிதியில் 10 விழுக்காடு வரை மாநிலமே அறிவிக்கும் பேரிடர்களுக்குச் செலவிடலாம். தமிழ்நாடு 2024இல் வெப்ப அலையை அவ்வாறு அறிவித்தது. பதினைந்தாவது நிதிக்குழுவோ ஆற்று, கடல் அரிப்பைத் தடுக்க 1,500 கோடியும், அரிப்பால் இடம்பெயர்ந்தோரைக் குடியமர்த்த 1,000 கோடியும் நாடு முழுமைக்கும் ஒதுக்கப் பரிந்துரைத்தது. அரிப்புக்குக் கிடைத்த இந்த ஏற்பு ஓதத்துக்கு ஏன் கூடாது?

இதற்கிடையில் நடுவண் அரசு எதிர்த்திசையில் நடக்கிறது. 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த கடலோரச் சிற்றூர்களில் கட்டடத் தடைப் பரப்பை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது. ஓதம் ஏறும் கழிகளின் கரையிலும் தடையின் எல்லை 50 மீட்டர்தான். கடல் உள்ளே வருகையில் கட்டடங்களை வெளியே தள்ளும் இந்த ஏற்பாட்டால் பயனடைவோர் விடுதி முதலாளிகள். சதுப்பையும் கழியையும் அடைத்து எழும் கட்டடம் தன் பங்கு நீரை அடுத்த தாழ்ந்த குடியிருப்புக்குத் தள்ளிவிடும்.

எனவே தமிழ்நாடு அரசு ஓதவெள்ளத்தை மாநிலப் பேரிடராக அறிவிக்க வேண்டும். இழப்பை நிலத்தாலும் படகாலும் மட்டும் அளக்காமல், இழந்த வேலைநாளாலும் பாழான கழிப்பறை, குடிநீராலும் அளக்க வேண்டும். பட்டா இல்லாத வீடுகளையும் கணக்கெடுக்க வேண்டும். குடியமர்த்தல் தவிர்க்க முடியாத இடங்களில், ஊரை ஒட்டிய மேட்டு நிலம் தரப்பட வேண்டும். மீண்டும் ஊருக்கு வெளியே இன்னொரு பள்ளம் கூடாது.

மாணவர்க்கு ஒரு வேலை இருக்கிறது. தமிழகக் கடற்கரையில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான் கடல்மட்டம் ஆண்டிலேயே உயர்ந்து நிற்கும். நவம்பர் 1 கிராம சபை அந்தப் பருவத்தில் வருகிறது. கடலோரச் சேரிகளில் ஓராண்டுக்கு நீர் ஏறிய நாளும் உயரமும் குறித்த நாள்காட்டிகளைத் திரட்டினால், அன்றைய கூட்டத்தில் தீர்மானமாக முன்வைக்கலாம். பள்ளத்தாக்கிலிருந்து வரவும் உடன் அமர்ந்து கணக்கெழுதவும் நாங்கள் அணியமாக இருக்கிறோம்.