வாய்ப்பாடு மட்டும் போதாது



தொடக்கப் பள்ளிகளில் பெருக்கலையும் வகுத்தலையும் ஒரே வழியில் மட்டும் சொல்லிக்கொடுப்பது பிள்ளைகளுக்கு உதவவில்லை. தில்லி, கொல்கத்தா சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களை ஆராய்ந்து, நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் 2025இல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை இதற்குச் சான்று. கிலோ 40 ரூபாய் என்றால் முக்கால் கிலோவுக்கு எவ்வளவு என்பது போன்றவற்றை மனக்கணக்காகவே போட்டுவிடும் அந்தப் பிள்ளைகள், பாடநூல் வடிவில் கணக்கு வந்ததும் தடுமாறினார்கள். சந்தை வேலை அறியாத பள்ளிப் பிள்ளைகளோ பாடநூல் கணக்கில் தேறினாலும் சந்தைக் கணக்கில் திணறினார்கள். இரு தரப்பிலும் திறமை இருக்கிறது. இணைக்கும் பாலத்தைத்தான் வகுப்பறை கட்டவில்லை.

வாய்ப்பாடு தெரியாமல் என்ன கணக்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வாய்ப்பாடு கட்டாயம் வேண்டும். ஆனால் ஏழெட்டு மறந்துபோனால் ஏழுநான்கை இரட்டிக்கலாம், 96ஐ 8ஆல் வகுக்க 80, 16 எனப் பிரிக்கலாம் என்று தெரிந்த பிள்ளை விழிபிதுங்கி நிற்காது. இதற்கெல்லாம் நேரமில்லை என்பது ஏற்கத்தக்கதல்ல. பிள்ளைகளின் கற்றல் நிலையை ஆராயும் 'ஏசர்' 2024 அறிக்கைப்படி, நாட்டின் ஊரகப் பகுதிகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் வகுத்தல் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் 30.7 விழுக்காடுதான். அவசர அவசரமாகப் பாடத்தை முடித்ததன் பலன் இவ்வளவே. தில்லி மாநகராட்சிப் பள்ளிகளும், தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளும் வாரத்தில் ஒரு பாடவேளையையாவது மனக்கணக்குக்கும் மாற்று வழிமுறைகளுக்கும் ஒதுக்க வேண்டும்.

தில்லி வாசகர்