கொட்டிலிற் கற்கும் பாடம்

அளவெட்டியிலே சிறுதொழில் தொடங்கிய பழைய மாணாக்கர் ஒருவர், "ஐயா, வேலையாட்கள் பேச்சிலே பொழுதைக் கழிக்கின்றனர்; கமரா பூட்டினால் திருந்துவரா?" என்று வினவினார். கமரா கையைக் காணும், மனத்தைக் காணாது என்றேன்.

யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களை நம்மவர் மறந்துவிட்டனர். ஆங்கே ஒருவர் பத்திரிகையோ கதையோ உரத்து வாசிப்பார். ஏனையோர் செவியை அவர்பால் வைத்துச் சுருட்டுச் சுற்றுவர். எழுத்தறியாதாரும் உலக நடப்பை அறிந்தனர். சுற்றிய எண்ணிக்கைக்கே கூலியாதலின், கேட்டவர் கை ஓய்ந்ததுமில்லை.

கியூபாவிலும் இவ்வழக்கம் உண்டு. ஹவானாச் சுருட்டாலைகளில் 1865இல் வாசிப்புத் தொடங்கிற்று. வாசிப்பவருக்குத் தொழிலாளரே ஊதியம் கொடுத்தனர். மறு ஆண்டே ஸ்பானிய ஆட்சியாளர் அதனைத் தடைசெய்தனர். வேலைக்குப் புறம்பானது என்பது சொன்ன காரணம். தொழிலாளர் சிந்திப்பர் என்பதே உள்ளத்து அச்சம். பின்னர் அது மீண்டும் தழைத்தது.

கொட்டிலைச் சுவர்க்கம் என்று யான் கூறவில்லை. கூலி சிறிது, புகையிலை நெடி பெரிது. வாசிப்புக் கூலிக்கு ஈடாகாது. ஆயினும், வேலை செய்பவனுக்குக் கையோடு மனமும் உண்டு என்பதை அக்கொட்டில் ஒப்புக்கொண்டது.

தக்காரைத் தேர்ந்தபின் வினையை அவரிடமே விட்டுவிடுக என்பது வள்ளுவர் 'தெரிந்து வினையாட'லிற் காட்டிய நெறி. ஐயுற்றுக் காவல் நிற்பவன் இருவர் வேலையைக் கெடுக்கின்றான். ஒன்று அவர் வேலை, மற்றொன்று தன் வேலை.

ஆதலின் அம்மாணாக்கருக்குச் சொன்னேன்: கூலியைக் காலத்திற் கொடு, அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேள், கமராவுக்கு வைத்த பணத்தில் நாளும் ஒரு பத்திரிகை வாங்கிப் போடு.