நான்கு பாட்டில் தண்ணீரும் ஒரு தாத்தாவும்

மே தினத்துக்கு விடுமுறை என்றதும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் ஜொகூருக்குக் கிளம்பிவிட்டார்கள். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் இரண்டு பிள்ளைகளை மூன்று மணி நேரம் காருக்குள் சமாளித்த அனுபவம் எனக்கு உண்டு. இனி அந்தப் பேச்சே வேண்டாம் என்று கடப்பிதழ் கேட்காத ஒரு வெளியூரைத் தேடினேன். செயிண்ட் ஜான்ஸ் தீவு.

புதன்கிழமை இரவு சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னபோது, கோப்பிக்கடையைத் தவிர வேறெங்கும் வராத அப்பா, "நானும் வர்றேம்மா" என்றார். அவருக்கு வயது 72. பேசிச் சம்பாதிக்கிறவள் நான். அந்தப் பேச்சில் கால் பங்குகூட அவரிடமிருந்து வந்ததாக இருக்காது. ஏன் என்று கேட்கத் தோன்றியது, ஆனால் சின்னவள் பாலைக் கொட்டிவிட்டாள்.

மரினா சவுத் பியர் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே படகுத்துறை. படகுச்சீட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள். பொது விடுமுறையன்று அங்கே போய் வரிசையில் நின்றால் பிள்ளைகளின் பொறுமை கரையிலேயே தீர்ந்துவிடும். தீவில் கடை எதுவும் இருக்காது என்று நினைத்தே போங்கள். நான் நான்கு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போனேன், பதினொரு மணிக்குள் மூன்று காலி. புளிசாதம் மட்டும் தேவைக்கு மேலேயே இருந்தது. அதில் பாதியைத் தீவுப் பூனைகள் முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்கிவிட்டன.

மற்றபடி பிள்ளைகளுக்கு ஏற்ற இடம். சிமெண்டுப் பாதை என்பதால் தள்ளுவண்டி ஓடும். அலை அடிக்காத குளம்போல ஒரு நீச்சல் கரை இருக்கிறது. பாலத்தைக் கடந்தால் லாசரஸ் தீவின் வெள்ளை மணல். ஏழு வயது மூத்தவன் நண்டு தேட, மூன்று வயதுக்காரி மணலைத் தின்ன, வீட்டுக்காரர் மரநிழலில் குறட்டை விட, நான்கூடப் பத்து நிமிடம் கண்ணை மூடினேன்.

கண் திறந்தபோது அப்பாவும் இல்லை, மூத்தவனும் இல்லை.

முதலில் பதறவில்லை. ஒரு மணி நேரம் ஆன பிறகு பதறினேன். அப்பாவின் கைத்தொலைபேசி என் பையிலேயே ஒலித்தது. கடைசிப் படகுக்கு வரிசை நீள ஆரம்பித்திருந்தது. சின்னவளை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு வந்த வழியே ஓடினேன்.

பழைய கட்டடங்கள் இருக்கும் பக்கம், வேலி ஓரமாக, இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். திட்டத்தான் வாயைத் திறந்தேன். அப்பாவின் கண்ணைப் பார்த்ததும் சொல் வரவில்லை.

இந்தத் தீவில் 1874இல் தனிமைப்படுத்தும் நிலையம் தொடங்கினார்கள். கப்பலில் அம்மையோ காலராவோ இருந்தால், வந்தவர்களை இங்கே இறக்கிப் பல நாள் வைத்திருப்பார்கள். நம் ஊரிலிருந்து மேல்தளச் சீட்டில் வந்தவர்கள் எத்தனையோ பேருக்குச் சிங்கப்பூரின் முதல் மண் இதுதான். பிற்பாடு அரசியல் கைதிகளையும் இங்கே வைத்தார்கள். அதிபரான தேவன் நாயர்கூட 1951இல் இங்கே அடைக்கப்பட்டவர். இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது. அப்பாவுக்குத் தெரிந்தது வேறு.

என் பாட்டிக்கு ஐந்து பிள்ளைகள். ஆனால் யார் கேட்டாலும் "எனக்கு ஆறு" என்பார். வயதானதால் எண்ணிக்கை தவறுகிறது என்று நாங்கள் சிரிப்போம். நானே அவர் முன்னால் விரல் விட்டு எண்ணிக் காட்டியிருக்கிறேன்.

1937இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது பாட்டியின் இடுப்பில் எட்டு மாதப் பெண் குழந்தை. கப்பலில் அம்மை. இங்கே இறக்கிவிட்டார்கள். இதுதான் சிங்கப்பூர் என்று நினைத்துக்கொண்டாராம் பாட்டி. தாத்தாவும் பாட்டியும் இரண்டு பேராகத்தான் ஊருக்குள் போனார்கள்.

"எந்த இடம்னு அம்மாவுக்கும் தெரியாதும்மா. ஆம்பளைங்கதான் தூக்கிட்டுப் போனாங்களாம்" என்றார் அப்பா.

"இத்தனை நாளா ஏம்பா சொல்லல?"

"நீ கேக்கலியே."

வாரம் ஐந்து நாள் முன்பின் தெரியாதவர்களிடம் அவர்கள் கதையைக் கேட்பதுதான் என் பிழைப்பு. பாட்டி இறந்தபோது எனக்குப் பதினான்கு வயது. "யார் அந்த ஆறாவது?" என்று ஒருமுறை கேட்டிருக்கலாம்.

படகு கிடைத்தது, கிட்டத்தட்டக் கடைசி ஆட்களாக. நகரத்துக் கட்டடங்கள் நெருங்கி வந்தன. சின்னவள் அப்பாவின் மடியில், காலெல்லாம் மணலோடு தூங்கிவிட்டாள். மூத்தவன் வெகுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்:

"தாத்தா, உங்க அக்கா என்னைவிடச் சின்னப் பிள்ளையா?"

"ஆமாய்யா. இவளைவிடச் சின்னது."

"பேரு என்ன?"

அப்பா தலையசைத்தார். பாட்டி பெயரைச் சொன்னதே இல்லையாம்.

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது, நாளிதழிலிருந்து தலையைத் தூக்காமல், "தேசிய தினத்துக்கும் அந்தப் படகு ஓடுமா?" என்று கேட்டார். ஐந்து சீட்டு எடுக்க வேண்டும். தண்ணீர் இந்த முறை பத்து பாட்டில்.